கம்பியில் சுற்றிய குரல்

கோயம்புத்தூருக்குக் கிழக்கே, லேத் பட்டறைகளும் சிமெண்ட் அட்டைக் கூரைகளும் கம்பெனி வேன்களுமாக நெருக்கியடித்துக் கிடந்த மணியங்காட்டூரில், அந்த வருஷம் ஆடி கழிந்து ஆவணி பிறந்த முதல் வாரத்தில், அமுதசக்கரம் கம்பெனியின் கிரைண்டர்கள் பேசத் தொடங்கின. முதலில் பேசியது லோகநாயகி டீச்சர் வீட்டுக் கிரைண்டர். பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று, வீட்டுக்காரரையும் பறிகொடுத்து, கனடாவிலிருந்து மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடும் போனைத் தவிர வேறு குரலே கேட்காத வீட்டில் தனியாக இருந்த டீச்சர், ஊறிய உளுந்தைப் போட்டு சுவிட்சைத் தட்டிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பியபோது, "ஏனுங், தண்ணி பத்தலீங், கொஞ்சம் தெளிச்சு உடுங்" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் சொன்னது. டீச்சர் தெளித்தார். மாவு பொங்கிப் பூவாக வந்த பிறகுதான் சொன்னது யார் என்ற யோசனை வந்து, கம்பெனிக்குப் போன் போட்டார்.

கம்பெனி அனுப்பியது சர்வீஸ் மெக்கானிக் திருமூர்த்தியை. பத்தொன்பது வருஷமாக மொபெட்டில் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய், பெல்ட் மாற்றி, பேரிங் மாற்றி, எந்த வீட்டுச் சமையற்கட்டில் எந்த டப்பா எங்கே இருக்கும் என்பதுவரை தெரிந்து வைத்திருந்தவன். "பெல்ட் தேஞ்சிருக்குமுங் டீச்சர், அது கத்தறது பேச்சாட்டக் கேட்டிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சைப் போட்டான். கல் இரண்டு சுற்று சுற்றியது.

"வந்தவிங்களுக்கு ஒரு வாய் காப்பி குடுங் டீச்சர், வெயில்ல வந்திருக்காரு" என்றது கிரைண்டர்.

திருமூர்த்தி சுவிட்சை அணைத்தான். அது கலாமணியின் குரல். கலாமணியின் குரலைப் போன்ற ஒரு குரல் அல்ல. ஜலதோஷம் பிடித்தாற்போல லேசாகக் கம்மி, சொல்லின் கடைசியில் ஒரு இழுப்பு இழுத்து நிறுத்துகிற, அவன் கட்டிக்கொண்டு வந்த கலாமணியின் குரலேதான். அதே கம்பெனியில் வைண்டிங் செக்‌ஷனில் நாற்பது பெண்களோடு நின்றபடிக்கே, மோட்டாரின் இரும்பு வளையத்துக்குள் செம்புக்கம்பிச் சுருள்களை இறக்கி, நூல் போட்டுக் கட்டுவது அவள் வேலை. திருமூர்த்தி மோட்டாரைக் கழற்றிப் பார்த்தான். ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு முடிச்சு உண்டு. அங்கே இருந்தது அவள் போடும் இரட்டை முடிச்சு.

அன்று பொழுதோடு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தவனுக்குக் கலாமணி வழக்கம்போல செம்பை நீட்டினாள். நீட்டிவிட்டு, அதற்குள்ளேயே பார்த்தபடி நின்றாள்.

"என்ன கலா?"

"இது..." என்று செம்புக்குள் விரலைக் காட்டினாள். "இதுக்கு என்னுங் பேரு? காத்தாலருந்து யோசிக்கறேன், வர மாட்டேங்குது."

"தண்ணி" என்றான் அவன்.

அவள் உதடுகள் அப்படியே அசைந்தன. காற்றுதான் வந்தது. இன்னொரு தரம் முயன்றாள். பிறகு சிரித்து வைத்தாள், அவனைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தவள்போல. திருமூர்த்திக்கு முதுகுத்தண்டில் அந்தச் செம்புத் தண்ணீர் முழுவதும் இறங்கியது.

ஏன் இப்படி என்று கேட்டவர்கள் உண்டு. புதிதாக வந்த வார்னிஷ் என்றார்கள், அமாவாசையில் இறக்கிய செம்பு என்றார்கள், கம்பெனி வாசலில் வெட்டிய வேப்பமரம் என்றார்கள். பதில் வருவதற்குள் கேள்வி பழசாகிவிட்டது. ஏனென்றால் புரட்டாசிக்குள் ஊரில் பாதிக் கிரைண்டர் பேசிற்று, ஐப்பசிக்குள் பேசாத கிரைண்டர் வைத்திருந்தவர்கள் அதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, கோணிச் சாக்கில் சுற்றிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டுப் புதிது வாங்கினார்கள். பேசும் பொருளை வெறும் பொருளாக வைத்திருக்க யாருக்கும் மனசு வரவில்லை. முதலில் குங்குமம் வைத்தார்கள். பிறகு பூ வைத்தார்கள். அரைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அதன் காலடியில் வைத்துக் கும்பிட்டார்கள். பெண்பார்க்க வந்த வீட்டார் சமையற்கட்டுக்குள் போய்க் கிரைண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் தட்டை மாற்றினார்கள். மருமகள்கள் மாமியாரிடம் பேசாததை அதனிடம் பேசினார்கள். மாமியார்கள் மகனிடம் பேசாததைப் பேசினார்கள். அது எல்லாருக்கும் இதமாக, எல்லாருக்கும் பணிவாக, கொங்குத் தமிழில் ஒரு 'ங்' போட்டுப் பதில் சொன்னது. எங்கள் வீட்டுக் கிரைண்டருக்கு இன்றைக்கு மனசு சரியில்லை, இட்லி வேண்டாம், உப்புமா கிண்டிக்கொள்வோம் என்று சொன்ன வீடுகள் உண்டு. அது யாருடைய குரல் என்று கேட்ட வீடு ஒன்றுகூட இல்லை.

திருமூர்த்தி ஒரு வீட்டில் சொல்லிப் பார்த்தான். "அது என்ற ஊட்டுக்காரி குரலுங்."

அந்த வீட்டம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏனப்பா, மெசின் பேசறதுதான் அதிசயம்னு பாத்தா, நீ மெசினுக்கே தாலி கட்டிட்டேங்கறே!"

அவர் சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிரைண்டர் சொன்னது: "என்ற ஊட்டுக்காரரு சோறு திங்கறப்பப் பேச மாட்டாருங். நானும் பேசறதில்லீங். பேசுனா எந்திரிச்சுப் போயிருவாரோன்னு இருக்குமுங்." வீட்டம்மா இன்னும் சிரித்தார். ஸ்பேனரோடு நின்ற திருமூர்த்திக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் கலாமணி அதை அவனிடம் சொன்னதே இல்லை.

வீட்டில் அவள் சொற்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. அரிசி போயிற்று, கதவு போயிற்று, நேற்று என்ற சொல் போயிற்று. நேற்று போனபிறகு நடந்தது எதையும் அவளால் சொல்ல முடியவில்லை. கார்த்திகை பிறக்கும்போது அவளிடம் மிச்சமிருந்தது இருபதோ முப்பதோ. வைண்டிங் செக்‌ஷனில் நாற்பது பெண்களுக்கும் அதே கதி. வேறு கம்பெனிக்குப் போகலாம் என்றால், வாசலில் நின்று என்ன வேலை தெரியும் என்று சொல்லவும் வாயில் சொல் வேண்டுமே. காலையில் வேனில் வந்து இறங்கி, நின்று, கம்பி இறக்கி, முடிச்சுப் போட்டு, சாயங்காலம் வேன் ஏறிப் போனார்கள். கம்பிச் சுருள் உரசுவதையும் மின்விசிறி சுற்றுவதையும் தவிர அங்கே எதுவும் கேட்கவில்லை. விரல்கள் மட்டும் முன்னைவிட இரண்டு பங்கு வேகமாக ஓடின.

திருமூர்த்தி முதலாளி கோவர்தனனைப் பார்க்கப் போனான். அவர் மேஜைமேல் மாதிரிக்கு வைத்திருந்த கிரைண்டருக்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தது. அவன் சொன்னதைக் கேட்டு அவர் சத்தம் போடவில்லை. மெல்ல எழுந்துவந்து அவன் தோளைப் பிடித்து ஜன்னல் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார்.

"எனக்கும் தெரியுது திருமூர்த்தி. ரெண்டு நாள் லைனை நிறுத்திப் பாக்கலாம்னு நெனச்சேன். அது கேட்டுச்சு."

"எதுங் சார்?"

அவர் மேஜைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "'ஏனுங், இன்னைக்கு எத்தனை போட்டீங்க, நாளைக்கு எத்தனை போடுவீங்க'ன்னு. சுவிட்சு போடாமயே கேக்குதப்பா. நான் பதில் சொல்லிட்டிருக்கறேன். நீ மெதுவாப் பேசு, கேட்டுட்டிருக்குது."

முதலாளியே பயந்தால் யாரிடம் போய் முறையிடுவது என்று தெரியாமல் அவன் படியிறங்கினான்.

அதற்கடுத்த வாரம் அவன் கலாமணியை மொபெட்டில் உட்கார வைத்து லோகநாயகி டீச்சர் வீட்டுக்குக் கூட்டிப்போனான். நேரில் கண்டால் யாருக்கும் புரியாமல் போகாது என்று நம்பினான். டீச்சர் நல்லவர். "வாங்க, வாங்க" என்றார். சமையற்கட்டில் கிரைண்டர் சுற்றிக்கொண்டிருந்தது. கலாமணி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தன் வாயிலிருந்து போன சொற்களெல்லாம் ஒரு கல்லின் அடியிலிருந்து வருவதைக் கேட்டபடி நின்றாள்.

"காலு கடுக்குதுங் டீச்சர்" என்றது கிரைண்டர். "காத்தால எட்டு மணிக்கு நின்னதுங். நடுவால ஒருக்கா உக்காந்தா நல்லாருக்கும்."

"அடடா, என்ற கண்ணு" என்று டீச்சர் பதறிப்போய், ஒரு ரப்பர் மெத்தையை நாலாக மடித்து, கிரைண்டரின் கால்களுக்கடியில் செருகினார். செருகிவிட்டு நிமிர்ந்து, கலாமணி நின்ற பக்கம் திரும்பி, திருமூர்த்தியிடம், "உங்க வீட்டம்மா பேச மாட்டாங்களா? பாவம்" என்றார். உட்காரச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. அது கெட்ட மனசினால் அல்ல. அவர் பார்வை கலாமணிமேல் பட்ட மாதிரியே இல்லை, கண்ணாடியில் பட்டு அந்தப் பக்கம் போன மாதிரி போயிற்று. திருமூர்த்திக்குத் திடீரென்று ஒரு பயம் வந்தது. திரும்பிப் பார்த்தால் அங்கே நிலைப்படி மட்டும் இருக்குமோ என்று, அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். சூடாகத்தான் இருந்தது.

வழி தெரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மெஸ் ஒன்றில் மின்சாரம் ஏறி இறங்கிக் கிரைண்டர் மோட்டார் கருகிவிட்டது. கலாமணியின் குரலில் பேசிக்கொண்டிருந்த அது பாதிச் சொல்லில் நின்று, புகை கக்கியது. திருமூர்த்தி அதை மாற்றிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், கலாமணி வாசலில் நின்றுகொண்டு, நெஞ்சின்மேல் இரண்டு கையையும் குருவியைப் பொத்தி வைத்ததுபோல் வைத்துக்கொண்டு, "கொத்தமல்லி, கொத்தமல்லி, கொத்தமல்லி" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் வழிந்தது. எப்போது வந்தது என்று கேட்டதற்குச் சுவர்க்கடிகாரத்தில் பன்னிரண்டரையைத் தட்டிக் காட்டினாள். மோட்டார் கருகிய நேரம் அதுதான்.

மறுநாளிலிருந்து அவன் இலவசச் சர்வீஸ் என்று சொல்லிக்கொண்டு வீடு வீடாகப் போனான். மூடியைக் கழற்றுவான், முடிச்சைப் பார்ப்பான், இரட்டை முடிச்சாக இருந்தால் கட்டரால் ஒரே ஒரு கம்பியை வெட்டுவான், மூடுவான். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் எண்ணெய் திரும்பியிருக்கும், அல்லது செவ்வாய்க்கிழமை, அல்லது பொய், அல்லது நாத்தனார். ஒருநாள் 'ஏன்' என்ற சொல் திரும்பி வந்தது. அன்று முழுக்க அவள் அதை மட்டுமே சொன்னாள், அவன் முகத்தைப் பார்த்து, சுவரைப் பார்த்து, தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்து.

ஆனால் அவன் வெட்டிவிட்டு வந்த வீடுகளில் சாவு விழுந்தது. வாயடைத்த கிரைண்டருக்கு வெள்ளைத்துணி போர்த்தி, ஒறம்பறை உறவுகளுக்குச் சொல்லியனுப்பி, பெண்கள் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஒரு வீட்டில் கருமாதிச் சாப்பாடே போட்டார்கள். பத்துப் பன்னிரண்டு வீடு ஆனதும் ஊருக்குப் புரிந்துவிட்டது, எவனோ திட்டம் போட்டுச் செய்கிறான் என்று. அவனுக்குக் 'குரல்திருடன்' என்று பெயர் வைத்தார்கள். சிக்கினால் கையை முறிக்க வேண்டும் என்று டீக்கடையில் ஆண்கள் சொன்னபோது, திருமூர்த்தியும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, டீயை ஊதியபடி, ஆமாமென்று தலையாட்டினான்.

அதைவிட அவனை உலுக்கியது வேறொன்று. கிரைண்டர்களுக்கு அவனை அடையாளம் தெரியத் தொடங்கியது. அவன் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சு நின்றுவிடும். ஒரு வீட்டில், அவன் குனிந்து மூடியில் கை வைத்தபோது, கலாமணியின் குரல் மெதுவாக, அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது: "மாமா, நீங்க எதுக்கு வந்திருக்கீங்கன்னு எனக்குத் தெரியுமுங்." அன்று அவன் வெட்டாமலே எழுந்து வந்துவிட்டான்.

லோகநாயகி டீச்சரே அவனுக்குப் போன் செய்தார். குரல்திருடன் இந்தத் தெருவுக்கு வந்துவிட்டானாம், மோட்டாருக்கு ஒரு பூட்டுப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றார். கலாமணி தானும் வருவதாகக் கையைக் காட்டினாள். போனார்கள். திருமூர்த்தி கிரைண்டர் முன் மண்டியிட்டு, கட்டரை எடுத்தான்.

"மாமா, வேண்டாமுங்" என்றது கிரைண்டர். "வெட்டீராதீங். எனக்குப் பயமா இருக்குதுங். நான் உங்களுக்கு என்ன பண்ணுனேன்? இந்த ஊட்ல என்னைய உக்கார வெச்சுப் பேசறாங்க. உங்க ஊட்ல யாரு பேசறா?"

அவன் கை நின்றது. கல்யாணமான புதிதில் ஒருமுறை, காய்ச்சலில், அவள் இதே குரலில் என்னை விட்டுவிட்டுப் போகாதீங்க என்று சொன்னது அவனுக்கு ஞாபகம் வந்தது. தான் வெட்டப்போவது யாரை என்று அவனுக்கு உறுதியாகத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து கட்டரை வாங்கிக்கொண்டது. கலாமணி குந்தி உட்கார்ந்தாள். தான் போட்ட முடிச்சைத் தன் விரலால் ஒருமுறை தடவினாள். கம்பியை ஒன்றல்ல, மொத்தச் சுருளையும் வெட்டினாள்.

டீச்சர் ஓடிவந்தார். "கொன்னுட்டீங்களே! பாவிகளா, பேசிட்டிருந்த சீவனைக் கொன்னுட்டீங்களே!"

"இல்லீங் டீச்சர்" என்றாள் கலாமணி. "நான்தானுங். இத்தனை நாளும் பேசிட்டிருந்தது நான்தானுங்."

டீச்சர் அவளைப் பார்த்தார். முதல்முறையாகப் பார்த்தார். பார்த்தவரின் முகத்தில் சந்தோஷம் வரவில்லை. இருட்டறையில் தனியாக இருப்பதாக நினைத்தவர் பக்கத்தில் மூச்சுச் சத்தம் கேட்டால் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு திகில் வந்தது. "நீ யாரு?" என்று பின்னால் நகர்ந்தபடியே கேட்டார். "இத்தனை நாளா என்ற சமையற்கட்டுக்குள்ள நீ என்ன பண்ணிட்டிருந்தே?"

சொல்வதற்குச் சொல் இருந்தும் கலாமணி எழுந்து வாசலுக்கு நடந்தாள். நேராகக் கம்பெனிக்குப் போகச் சொன்னாள்.

வைண்டிங் செக்‌ஷனில் அவள் நடுவில் போய் நின்று பேசியபோது, நாற்பது பேரின் விரல்களும் நின்றன. அங்கே மனிதக் குரல் கேட்டு மாதக்கணக்காகியிருந்தது. சிலர் காதைப் பொத்தினார்கள். அவள் என்ன சொன்னாள் என்பது திருமூர்த்திக்கு முழுக்கக் கேட்கவில்லை, மின்விசிறிச் சத்தத்தில். கேட்டது இவ்வளவுதான்: "உன்ற முடிச்சு உனக்குத் தெரியுமில்ல? வா." நாற்பது பெண்களும் மேஜைமேல் இருந்த கட்டர்களை எடுத்துக்கொண்டு, கோவர்தனன் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில், வேன் போகும் பாதையில் நடந்தே ஊருக்குள் வந்தார்கள்.

அவர்கள் வருவது ஊருக்கு முன்பே தெரிந்திருந்தது. தெருவில் ஒரு ஈ காக்கை இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. கலாமணி முதல் வீட்டுக் கதவைத் தட்டியதும், உள்ளேயிருந்து, சுவிட்சு போடாமலே, ஒரு குரல் கிளம்பியது.

"திறக்காதீங் அக்கா. வெளிய ஆரும் இல்லீங். காத்துங்."

கலாமணிக்குப் பக்கத்தில் நின்ற சுகந்தாமணி, வைண்டிங்கில் மூன்றாவது மேஜைக்காரி, தன் கையால் தன் தொண்டையைப் பிடித்தாள். அது அவளுடைய குரல். அந்த வீட்டைத் தொடர்ந்து அடுத்த வீட்டில், அதற்கடுத்த வீட்டில், தெரு நெடுக, வெளியே ஊமையாக நின்ற பெண்களின் குரல்களெல்லாம் உள்ளேயிருந்து கெஞ்சின: திறக்காதீங், திறக்காதீங், எங்களைக் கொல்ல வந்திருக்காங்க. நாற்பது பெண்களும் தங்கள் குரலாலேயே விரட்டப்பட்டுத் தெருவில் நின்றார்கள். ஓடிப்போய்விடலாம் என்று திருமூர்த்தியின் கால்கள் சொல்லின. அவன் கலாமணியின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் மறுபடி தட்டினாள்.

"அக்கா, உள்ள பேசறது சுகந்தாமணிங். மூணு பெத்தவ, சூலக்கல் ஊர்க்காரி. அவ இங்கதான் நிக்கறா. நம்பாட்டி வந்து அவ வாயைப் பாருங்."

வெகுநேரம் கழித்து, சங்கிலி மாட்டியபடியே கதவு ஒரு சாண் திறந்தது. அந்த இடுக்கில் ஒரு கண் தெரிந்தது. சுகந்தாமணி அதற்கு நேராகப் போய் நின்றாள். உள்ளே கிரைண்டர், "சாத்துங் அக்கா, எனக்குப் பயமா இருக்குது" என்று அலறியது. வெளியே சுகந்தாமணியின் உதடுகள், சத்தமே இல்லாமல், அந்தச் சொற்களுக்குச் சற்று முன்பாகவே, அதையே சொல்லிக்கொண்டிருந்தன. அவளுக்கும் பயமாகத்தான் இருந்தது. இடுக்கிலிருந்த கண் அந்த உதட்டைப் பார்த்தது, பின்னால் திரும்பி உள்ளே பார்த்தது, மறுபடி உதட்டைப் பார்த்தது.

அந்தத் தெருவில் மற்ற வீடுகளிலெல்லாம் உள்தாழ்ப்பாள்கள் ஒன்றன்பின் ஒன்றாக விழும் சத்தம் கேட்டது. அதற்கு நடுவே, திருமூர்த்தியின் முன்னால், அந்த ஒரு கதவின் சங்கிலி மட்டும் கழன்று தொங்கியது.